பதினோரு மணிச் சூரியன்

சூரியன் மறுபடியும் துள்ளியது.

மதி லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். மூடிய வேகத்திலேயே பதறிப்போய்த் திறந்து பார்த்தாள். திரை உடையவில்லை. உடையாததற்கும் சேர்த்து அதை ஒரு திட்டு திட்டினாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. எம்.கே.பி. நகர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல். அது வழியாகக் கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகை, கூப்பிடாத விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். இந்தச் சூரியனோ நேராக நடக்கமாட்டேன் என்கிறது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், காற்றடித்த கூடாரத்துக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து வானத்தைக் காட்டும் ஒரு சின்ன நிறுவனம், உதவியாளர் ஒருவர் வேண்டும் என்று அறிவித்திருந்தது. மதி பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். படித்துவிட்டு என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், ஆறு வருஷமாக எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிற லாரியின் நம்பரையும் வெளியே வருகிற லாரியின் நம்பரையும் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட அவளுக்கு வாய்த்த முதல் கதவு இது. அறிவிப்பில் ஒரே ஒரு நிபந்தனை: விண்ணப்பிப்பவர் தன் சொந்த ஏற்பாட்டில் எடுத்த வானப் படங்களை ஒரு சலனப்படமாக்கி அனுப்ப வேண்டும். கூடவே ஒவ்வொரு படமும் எந்த நாள், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று ஒரு பட்டியல்.

மதி சூரியனைத் தேர்ந்தெடுத்தாள். சூரியனும் தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் முகத்தில் கரும்புள்ளிகள் உண்டு. அவை ஓர் ஓரத்தில் முளைத்து, இரண்டு வாரம் நடந்து, மறு ஓரத்தில் மறையும். தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் வீதம் நாற்பத்திரண்டு நாள் எடுத்து வரிசையாக ஓட்டினால், பத்து விநாடியில் சூரியன் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பொங்கல் கழிந்த அடுத்த புதன்கிழமை தொடங்கி, போன செவ்வாயோடு நாற்பத்திரண்டும் முடிந்தது. மென்பொருள் இலவசம். படங்களை உள்ளே போட்டால் சூரியன்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சினிமாவாக்கிக் கொடுத்துவிடும் என்று போட்டிருந்தார்கள். போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

புதன்கிழமை முதல்முறை ஓட்டியபோது ஒன்றுக்குப் பிறகு பத்தும், பத்துக்குப் பிறகு பதினொன்றும் வந்தது. இரண்டு எங்கே என்று பார்த்தால் பத்தொன்பதுக்குப் பின்னால் நின்றது. எல்லாப் படத்துக்கும் 001, 002 என்று புதுப்பெயர் வைத்தாள். அடுத்த முறை, பொருத்துகிறேன் என்று சொல்லி, ஒன்பதாம் படத்தில் குறுக்கே பறந்த காக்காவைச் சூரியனாக நினைத்து அதைப் பொருத்தியது. காக்காவை ஒதுக்கினாள். மூன்றாம் முறை சூரியன் பச்சையாக வந்தது. அதையும் சரிசெய்தாள். இத்தனையும் தாண்டி வந்த பிறகுதான் இந்தத் துள்ளல் கண்ணில் பட்டது. புள்ளிகள் அழகாக நடந்து வருகின்றன. திடீரென்று ஒரு படத்தில் மட்டும் எல்லாப் புள்ளியும் சேர்ந்து இடம்மாறிக் குதிக்கின்றன. அடுத்த படத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய பாதைக்கே திரும்புகின்றன. பத்து விநாடிப் படத்தில் பன்னிரண்டு தடவை இப்படி.

அவள் அம்மா சொக்கம்மாள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிய கையோடு பின்னால் நின்று பார்த்தாள். "இன்னாடி இது, குடிச்சிட்டு வூட்டுக்கு வர்றவன் மாதிரி தள்ளாடிகினு கீது?" என்றாள்.

"யம்மா, நீ சும்மா இருக்கியா? நானே பேஜாராகிக் கீறேன்."

"நான் இன்னா சொல்லிட்டேன்? கீறத சொன்னேன்."

துள்ளுகிற படங்களைத் தூக்கிவிடலாம்தான். தூக்கினால் அந்த நாள்களில் ஓட்டை விழுந்து, அது வேறு மாதிரித் துள்ளும். துள்ளுகிற சூரியனைக் கையாலேயே திருகி, பக்கத்துப் படங்களோடு ஒட்டவைக்கலாம். ஆனால் ஏன் திருகினாய் என்று கேட்டால் என்ன பதில்? எனக்குப் பிடித்த இடத்தில் புள்ளி வரவில்லை, அதனால் திருகினேன் என்றா? அது படம் எடுப்பது இல்லை, கள்ளநோட்டு அடிப்பது. மதிக்கு அது ஆகாது.

மென்பொருள்காரர்களின் கேள்விபதில் பக்கத்தில் நேற்றே புலம்பி வைத்திருந்தாள். எந்த ஊர்க்காரரோ ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: படங்கள் எல்லாம் நிஜமாகவே ஒரே நேரத்தில் எடுத்தவைதானா? மதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரே நேரம்தான், பதினோரு மணி, அதில் சந்தேகமே வேண்டாம் என்று சூடாகப் பதில் எழுதினாள். எடுத்தது யார் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

எடுத்தது எபினேசர் அண்ணாச்சி. திருவொற்றியூரில் மதி ஷேர் ஆட்டோவை விட்டு இறங்குகிற இடத்தில் அவருடைய மளிகைக் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர். சர்ச் கமிட்டியில் உறுப்பினர். அவர் மகள் ரெஜிக்கு பிளஸ் டூவில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்த வகையில் மதிமேல் தனி மரியாதை. காலை ஏழிலிருந்து மூன்றுவரை அவள் யார்டில் கிடக்கிறாள், பதினோரு மணிச் சூரியனை எப்படிப் பிடிப்பது என்று தவித்தபோது, "நான் எடுத்துத் தாரேன் பிள்ள. மாடி ஏறணும், பட்டன அமுக்கணும், அவ்ளோதான?" என்று அவரே முன்வந்தார். தன் சின்னத் தொலைநோக்கியை அவர் மொட்டைமாடியில் நிறுத்தி, அதன் வாயில் சூரியத் தடுப்புத்தாளை மாட்டி, பின்பக்கம் அவர் போனைச் செருக ஒரு பிடியையும் வைத்துக் கொடுத்தாள் மதி. ஞாயிறு மட்டும் அவர் சர்ச்சுக்குப் போய்விடுவார், இவள் வந்து எடுப்பாள். மற்ற நாளெல்லாம் அண்ணாச்சிதான். மூன்று மணிக்கு வியாபாரம் ஓய்ந்ததும் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, போனில் இடமில்லை என்று அழித்துவிடுவார். அப்படி வருகிற படத்தில் தேதி இருக்கும், எடுத்த நேரம் இருக்காது. அதனால் என்ன? முப்பது வருஷமாக ஐந்தரைக்குக் கடை திறக்கிற மனிதர். அவர் ஷட்டர் சத்தத்தை வைத்துத் தெருவில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

ஆகவே தப்பு மென்பொருளில்தான். அல்லது லேப்டாப்பில். இந்த முடிவோடு மதி துள்ளுகிற படங்களின் எண்களை ஒரு காகிதத்தில் எழுதினாள். 003, 006, 010, 013, 017, 020. மூன்று நாள் தள்ளி, நான்கு நாள் தள்ளி, மறுபடி மூன்று, மறுபடி நான்கு. முதல் படம் புதன்கிழமை. விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்ததும் எழுந்து நின்றுவிட்டாள். வெள்ளி, திங்கள். வெள்ளி, திங்கள். பன்னிரண்டும் வெள்ளியும் திங்களும்தான். மென்பொருளுக்குக் கிழமை தெரியாது.

கிழமை தெரிந்தது கடைக்குத்தான். லோடு லாரி! வாரத்துக்கு இரண்டு தடவை அரிசி லாரி வந்து மூட்டையைப் பொத்பொத்தென்று இறக்கினால் மாடி அதிராதா, தொலைநோக்கி நகராதா? சனியன் பிடித்த லாரி, யார்டு வாசலிலும் விடுவதில்லை, மாடியிலும் விடுவதில்லை.

மறுநாள் யார்டில் அரைநாள் பர்மிஷன் போட்டாள். இன்சார்ஜ் உர்ரென்று பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டாள். பத்து நாற்பதுக்கு லேப்டாப்போடு கடையில் போய் நின்றாள். அண்ணாச்சி துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கெழமயும் திங்கக்கெழமயும் லோடு வருதா?"

"லோடு புதன்கிழமைதான பிள்ள வரும். ஏன்?"

லாரியும் இல்லை. மதிக்கு அழுகை முட்டியது. மணி பத்து நாற்பத்தைந்து. இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.

"சரி, வாங்க மாடிக்கு. பதினொன்னு ஆவப்போது. நீங்க எப்டி எடுக்குறீங்கன்னு பக்கத்துல நின்னு நான் பாக்கணும்."

"இப்பமா?"

"இப்பதான்."

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். "முட்டு வலிக்கி" என்றார்.

"ஆறு வாரமா வலிக்காத முட்டி இன்னிக்கி இன்னா அண்ணாச்சி?"

"கடைக்கு ஆளு வேணும்லா. நீ போயி எடுத்துப் பாரு. இல்லன்னா ஒண்ணு செய்வோம். பன்னெண்டுக்கு மேல ரெண்டு பேருமா ஏறுவோம்."

"பன்னெண்டுக்கு மேல ஏறி இன்னா பண்றது? பன்னெண்டோட எல்லாம் முடிஞ்சிது அண்ணாச்சி! கதவ சாத்திடுவான்!"

கத்திவிட்டாள். அண்ணாச்சியின் கண் ஒரு விநாடி சுவர்ப்பக்கம் போய்வந்தது. மதியின் கண்ணும் அதன் பின்னாலேயே போனது. அங்கே அரிசி மண்டிக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கியது. வெள்ளிக்கிழமைத் தாள். தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில்: இராகு காலம் 10.30 – 12.00.

மதி அந்த வரியைப் படித்தாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். மறுபடி வரியைப் படித்தாள்.

"திங்கக்கெழம?"

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "எமகண்டம். அதுவும் பத்தரை, பன்னெண்டுதான்."

"அப்போ அந்த ரெண்டு நாளும் எத்தினி மணிக்கு எடுத்தீங்க?"

"பன்னெண்டு அஞ்சுக்கு. கரெக்டா பன்னெண்டு அஞ்சு. ஒரு நிமிசம் முன்னப்பின்ன கெடயாது" என்றார், ஏதோ அதற்காகவாவது பாராட்டுக் கிடைக்கும் என்பதுபோல.

இரண்டு நாள் சாயங்காலம். காக்கா, பச்சைச் சூரியன், எந்த ஊரிலோ இருக்கும் ஒரு நல்ல மனிதருக்குச் சூடாக எழுதிய பதில், அரைநாள் பர்மிஷன், வராத லாரிக்கு விழுந்த திட்டு. அத்தனையும் ஒன்றாகத் தலைக்கேறியது மதிக்கு.

"நீங்க சர்ச்சு கமிட்டில கீறீங்க அண்ணாச்சி!"

"மெதுவா பேசு பிள்ள, தெருவுக்கே கேக்கும்."

"கேக்கட்டும்! ஒரு வார்த்த சொல்லிக்கக் கூடாதா? அந்த ஆளு கேட்டான், எல்லாம் ஒரே டைமான்னு. அண்ணாச்சி எடுத்தது, கடிகாரம் தப்பினாலும் அவரு தப்ப மாட்டாருன்னு மல்லுக்கு நின்னேன்!"

அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. பருப்புச் சாக்கின் வாயைச் சுருட்டிக்கொண்டே பேசினார். "எனக்காவன்னா பாக்க மாட்டேன். கடை தொறந்த அன்னைக்கே பாக்கல. ஆனா இது ஒன் வேல விசயம். என் கையால எடுக்குத படம். நாளைக்கு வேல கெடைக்காமப் போச்சுன்னு வையி. அந்தக் கெட்ட நேரத்துல அமுக்குனது நம்ம வெரல்தானன்னு ஆயுசுக்கும் உறுத்தும்லா. ஒன்கிட்ட சொன்னா சிரிப்ப. ரெஜிக்குத் தெரிஞ்சா மானம் போயிரும். அதான் சொல்லல."

மதிக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அவள் வேலைக்காக இப்படி ஒரு மனிதர் தன் விசுவாசத்தையே ஒளித்துவைத்துவிட்டு மாடி ஏறியிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

காரணம் தெரிந்துவிட்டால் கணக்கு எளிது. அவளுடைய தொலைநோக்கி மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும்தான் திரும்பும். அதில் பார்த்தால் காலைச் சூரியன் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கும், உச்சி நெருங்க நெருங்க நிமிரும். பதினோரு மணிக்கு எடுத்ததும் பன்னிரண்டு ஐந்துக்கு எடுத்ததும் ஒரே சூரியன்தான், சாய்வு மட்டும் வேறு. அந்த வித்தியாசம் எவ்வளவு என்று ஒவ்வொரு தேதிக்கும் கணக்குப் போட்டாள். முதல் வெள்ளிக்கு இருபத்தைந்து பாகை வந்தது. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, கடைசித் திங்களுக்கு முப்பத்து மூன்றைத் தாண்டியது. மென்பொருளில் பாகை எழுத ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மூன்றாம் படத்துக்கு எழுதித் தட்டினாள். புள்ளிகள் திரும்பி, இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. அண்ணாச்சி மட்டும் "பன்னெண்டு வாக்குல" என்று ஏனோதானோவென்று எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அதை அவரிடம் சொல்லவில்லை. பாராட்டுகிற அளவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பதினொன்று நாற்பதுக்குப் படம் முழுசாக ஓடியது. ஒரு துள்ளல் இல்லை. புள்ளிகள் வரிசையாக ஓரத்தில் ஏறி, நடந்து, மறுபக்கம் இறங்கின. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "நெசமாவே சுத்துதே!" என்றார். ஆறு வாரம் எடுத்தவர் அன்றைக்குத்தான் அதை நம்பினார்.

பட்டியலில் அந்தப் பன்னிரண்டு வரிகளிலும் 11.00 என்றிருந்ததை 12.05 என்று மாற்றினாள். பக்கத்தில் ஒரு கட்டம்: நேரம் மாறியதற்குக் காரணம்.

"இங்க இன்னா எழுதுறது?"

"கடையில கூட்டம்னு போடு."

"பொய் எழுத மாட்டேன் அண்ணாச்சி. பொய்யா எழுதணும்னா முந்தாநேத்தே திருகி அனுப்பியிருப்பேன்."

அண்ணாச்சி வாசலையும் கூரையையும் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "உள்ளதையே எழுது. பேரு மட்டும் போடாத" என்றார். மதி எழுதினாள்: படம் எடுத்தவர் வெள்ளிக்கிழமைகளில் ராகு காலத்தையும் திங்கள்கிழமைகளில் எமகண்டத்தையும் தவிர்த்தார். வானத்தைப் படித்தவர்கள் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

பதினொன்று ஐம்பத்து மூன்று. படம் ஏறிவிட்டது, பட்டியல் ஏறிவிட்டது. திரையில் ஒரு நீலப் பொத்தான்: அனுப்பு.

மதியின் விரல் அதன்மேல் போய் நின்றது. நின்றே இருந்தது.

அவளுக்கே ஆத்திரமாக வந்தது. பஞ்சாங்கம் வாசல்படி மிதிக்காத வீடு அவளுடையது. அவள் அப்பா, வேண்டுமென்றே வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் புத்தர் படத்துக்கு முன்னால் சொக்கம்மாளைக் கட்டிக்கொண்டவர். அதை வாழ்நாள் முழுக்கப் பெருமையாகச் சொன்னவர். அவர் மகளுக்கு இப்போது விரல் இறங்கவில்லை. அண்ணாச்சியின் பயம் ஆறு வாரமாக அந்தப் படங்களோடு சேர்ந்து வந்து, அவள் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருவேளை கிடைக்காமல் போனால்? கன்டெய்னர், லாரி நம்பர், அந்த நாற்காலி. மணி பதினொன்று ஐம்பத்து நான்கு.

"அனுப்ப வேண்டியதான?" என்றார் அண்ணாச்சி.

"அனுப்புறேன்" என்றாள். அனுப்பவில்லை.

அண்ணாச்சி அவள் விரலைப் பார்த்தார். அது ஏன் நிற்கிறது என்று அந்தக் கடையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. இரண்டே எட்டில் சுவர்ப்பக்கம் போனார். வெள்ளிக்கிழமைத் தாளைப் பிடித்துச் சர்ரென்று கிழித்தார். அடியிலிருந்து சனிக்கிழமை வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சின்ன எழுத்தை விரல்வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"ராகு காலம் ஒம்பதுல இருந்து பத்தரை. முடிஞ்சு போச்சு. எமகண்டம் ஒண்ணரைக்கு மேலதான். இப்ப நல்ல நேரம் பிள்ள, அமுக்கு!"

மதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. சிரித்துக்கொண்டே அமுக்கினாள். சக்கரம் சுற்றியது, நின்றது. உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது, நேரம் 11.56.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிய ஹுமாயூன் பாய் தீப்பெட்டி வாங்கக் கடையில் ஏறினார். பக்கத்துத் தெருவில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். காலண்டரைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார்.

"இன்னா அண்ணாச்சி, சனிக்கெழமையா இன்னிக்கி? ஜும்மாவ உட்டுட்டனா?"

அண்ணாச்சி கிழித்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தீப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

"உமக்கு இன்னும் வெள்ளிதான் பாய், தைரியமா போயிட்டு வாரும். இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒருநாள் முன்னாடியே விடிஞ்சிட்டு."